நூறு வெள்ளி இந்த வீட்டில் மட்டும் நூறாகவே நிற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவள் நான். பணி ஓய்வு பெற்ற பிறகு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட திருநங்கைகள் தங்கும் ஒரு சிறிய இல்லத்துக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். சம்பளம் கிடையாது, நான் கேட்கவும் இல்லை. இல்லம் எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். அங்கே இருப்பவர்களைத் தேடி வந்து கதவை இடித்துச் சத்தம் போட்ட உறவினர்கள் உண்டு.

அந்த இல்லத்தின் பணக்கஷ்டத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் எனக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என் அக்காவின் மூத்த பிள்ளையை ஆண் பிள்ளை என்று நினைத்து வளர்த்தோம். ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையை முடித்துவிட்டு, 2019 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தான் ஒரு பெண் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அத்தான் அன்றிரவே அவளை வெளியே போகச் சொன்னார். ஒரு பள்ளிப்பை, பாலிடெக்னிக் சான்றிதழ் கோப்பு, இரண்டு சட்டை. அவ்வளவுதான் எடுத்துக்கொண்டு போனாள். மூன்று வாரம் எங்கே இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பகலில் நூலகம், இரவில் 24 மணி நேர உணவகத்தின் மூலை மேசை. பிறகு ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசி. “சித்தி, உங்க வீட்டுல ஒரே ஒரு ராத்திரி படுத்துக்கலாமா?”

என்னுடையது அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மூவறை வீடு, அதாவது வீவக வீடு. படுத்த படுக்கையாக மாமியார், அவரைப் பார்த்துக்கொள்ள பணிப்பெண். கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தேன். ஒன்பது நாள் இருந்தாள். அதற்குள் அறை தேடினோம். தொலைபேசியில் எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். நேரில் போய் அடையாள அட்டையையும் முகத்தையும் பார்த்ததும், “அறைக்கு ஆள் வந்துவிட்டார்கள்” என்பார்கள். சொந்தமாக வீவக வீடு வாங்கலாம் என்றால் தனியாளுக்கு 35 வயதாக வேண்டும். அவளுக்கு அப்போது 23.

தங்குமிட உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அடையாள அட்டையில் ஆண் என்று இருப்பதால் ஆண்கள் தங்கும் விடுதிக்குத்தான் அனுப்ப முடியும் என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான் அட்டையில் பாலினத்தை மாற்ற முடியும். கையில் சாப்பாட்டுக்கே காசில்லாத பிள்ளை அதற்கு எங்கே போவாள்? அங்கிருந்த இளைஞர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அங்கே அனுப்பினால் இவருக்குப் பாதுகாப்பு இருக்காது” என்று அவரே சொன்னார். அப்புறம் ஒரு துண்டுத்தாளில் எண் எழுதி என்னிடம் கொடுத்தார். அது இந்த இல்லத்தின் எண்.

அந்தத் துண்டுத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். தங்களிடம் இடமில்லாத பிள்ளையை அனுப்பிவைக்க அவர்களுக்கு இந்த இல்லம் வேண்டும். ஆனால் இந்த இல்லத்தின் வாடகைக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு காசு வருவதில்லை. ஆறு ஆண்டுகளாக அந்தப் பேரேட்டை எழுதுபவள் சொல்கிறேன்.

ஏழு மாதம் அங்கே இருந்தாள். குளிர்பதனப் பெட்டியில் ஒவ்வொருவர் டப்பாவிலும் பெயர் ஒட்டியிருக்கும். அதில் அவளுடைய அடுக்கில் எப்போதும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், அதில் ரசப்பொடி. அக்கா அத்தானுக்குத் தெரியாமல் வறுத்து அரைத்து, என் கைப்பைக்குள் திணித்து அனுப்புவாள். பாட்டிலின் மூடிக்குள் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கியிருப்பாள், வாசனை வெளியே வரக்கூடாது என்று. எனக்கு மகள் முறையான அந்தப் பிள்ளை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு உடனே மூடிவைப்பாள். சமைக்க எடுக்கமாட்டாள். முதல் பாட்டில் தீரவே நான்கு மாதம் ஆனது. இப்போது ஒரு ஹோட்டல் சமையலறையில் ரொட்டிப் பிரிவில் வேலை பார்க்கிறாள், இரண்டு தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள்.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

வாடகை, மின்சாரம், அரிசி, மருத்துவமனைக்கு டாக்சி, வாரம் இரண்டு நாள் வரும் ஆலோசகருக்கு ஒரு சிறு தொகை. பெரிய செலவு வாடகைதான். வரவுப் பக்கத்தில் முக்கால்வாசி சின்னச் சின்னத் தொகைகள். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி ஒரு பெரியவர் 20 வெள்ளி அனுப்புகிறார், குறிப்பில் ‘அரிசி’ என்று மட்டும் போட்டு. யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

அந்த 20 வெள்ளி இங்கே 20 வெள்ளிதான். அதையே அவர் ஐபிசி என்னும் பொதுநல அமைப்புத் தகுதி உள்ள அறநிறுவனத்துக்குக் கொடுத்தால் கதையே வேறு. கொடுக்கும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் 250 வெள்ளி வரிக்கழிவு. நிதி திரட்டும் அறநிறுவனங்களுக்கு, திரட்டிய பணத்துக்கு ஈடாக அரசாங்க அமைப்பான டோட் போர்டு தரும் தொகையும் உண்டு. கோவிட் நேரத்தில், 2020இல், வெள்ளிக்கு வெள்ளி என்று ஒரு நிறுவனத்துக்கு 250,000 வெள்ளி வரை அதை உயர்த்தினார்கள். நானும் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கிறேன். அங்கே என் 100 வெள்ளி 200 ஆகிறது, வருமான வரிக் கணக்கில் எனக்கும் கொஞ்சம் திரும்பி வருகிறது. அதே கையால் இந்த இல்லத்துக்குக் கொடுக்கும் 100 வெள்ளி நூறாகவே நிற்கிறது. இந்த இல்லம் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவானது. அறநிறுவனம் இல்லை, ஐபிசி தகுதியும் இல்லை. தணிக்கைக் கட்டணம் மட்டும் எல்லாரையும்போலக் கட்டுகிறோம்.

ஏன் நிறுவனமாகப் பதிவு செய்தீர்கள், சங்கமாகப் பதிவு செய்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ‘பீப்பல் லைக் அஸ்’ என்ற ஓரினச் சேர்க்கையாளர் குழு சங்கமாகப் பதிவு செய்யக் கேட்டபோது 1997இல் மறுக்கப்பட்டது, 2004இல் மறுபடியும் மறுக்கப்பட்டது. பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து வேறு வழி தேடிக்கொண்டார்கள்.

ஐபிசி விதியையும் படித்துப் பார்த்தேன். சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் பயன்பட வேண்டும், இனம், சமயம், நம்பிக்கை அடிப்படையில் ஒரு பிரிவினரோடு நின்றுவிடக் கூடாது, அமைச்சர் அனுமதித்தால் விதிவிலக்கு என்று இருக்கிறது. நல்ல விதிதான். விதிவிலக்கு வைத்ததும் நல்லதுதான். 1991இல் தொடங்கிய சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், நம் பிள்ளைகளுக்காக உழைக்கிறது. இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் மத்திய சேம நிதி வழியாகப் பணம் பிடிக்கிறார்கள், அரசாங்கமும் அதற்கு ஈடாக மானியம் தருகிறது. என் சம்பளத்திலும் பிடித்தார்கள், மனமாரக் கொடுத்தேன். என் தம்பி மகன் அங்கே டியூஷன் படித்துத்தான் கணக்கில் தேறினான். ஒரு பிரிவினர் பின்தங்கி நிற்கும்போது அவர்களுக்கென்று கை கொடுப்பது சமூகம் முழுமைக்குமான வேலை என்பதைத் தமிழர்களாகிய நாம் அனுபவித்தே அறிந்தவர்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைக்குப் படுக்க இடம் கொடுப்பது மட்டும் எப்படித் தனிப்பட்ட காரியம் ஆகும்?

பெண்களுக்கான அமைப்புகள் இந்த நாட்டில் எப்படி வளர்ந்தன என்பதை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். பெண்ணுரிமைக்கான அவேர் அமைப்பு 1985இல் வந்தது. மாதர் அமைப்புகளின் மன்றம் 1999இல் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்கும் ஸ்டார் ஷெல்டரைத் தொடங்கியது. கணவன் அடிப்பதைக் குடும்ப விஷயம் என்று சொன்ன காலம் போய், 2021இல் வன்முறைக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசி எண்ணே வந்துவிட்டது. 2022இல் பெண்கள் மேம்பாடு குறித்த வெள்ளை அறிக்கையில் 25 செயல்திட்டங்கள் வந்தன. அதை உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பராமரிப்பாளர்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது மாமியாரோடு நான் கழித்த இரவுகள் நினைவுக்கு வந்து கண் கலங்கியது. ஆனால் என் மகளைப் போன்ற பெண்களுக்கென்று ஒரு வரி தேடினேன், கிடைக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி, தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு நீக்கப்படும் என்றார். நவம்பர் 29ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 93 பேர் ஆதரித்தார்கள், மூவர் எதிர்த்தார்கள். அன்று இரவு அக்கா என்னை அழைத்து, “இனிமே அவ வீட்டுக்கு வரலாமா?” என்று கேட்டாள். அந்தச் சட்டம் ஆண்களுக்கு இடையிலான உறவைப் பற்றியது, நம் பிள்ளையின் விஷயம் வேறு என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டம் மாறினால் வீட்டுக் கதவு திறக்கும் என்று ஒரு தாய் நம்பியிருக்கிறாள். 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியபோதும் இதே எதிர்பார்ப்புதான். பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களாக வயது, இனம், சமயம், உடற்குறை என்று நீளும் பட்டியலில் பாலின அடையாளமும் பாலியல் நாட்டமும் இல்லை. வேலை போனால் வாடகை போகும். வாடகை போனால் எங்கள் இல்லத்துக்குத்தான் வருகிறார்கள்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2009இல் ஹாங் லிம் பூங்காவில் தொடங்கிய, பாலினச் சிறுபான்மையினரை ஆதரிக்கும் பிங்க் டாட் கூட்டத்துக்குப் பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் ஆதரவு தந்தன. இது சிங்கப்பூரர்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லி அரசாங்கம் 2016இல் ஆட்சேபித்தது, அதே ஆண்டு விதிகளையும் இறுக்கியது. அதில் எனக்குக் கோபம் இல்லை. நம் வீட்டு அடுப்பு நம் விறகில்தான் எரிய வேண்டும். அடுத்தவர் காசை நம்பினால் என்ன ஆகும் என்பதை ஹைதராபாத்தில் பார்த்தோம். 2021இல் திருநர்களுக்காகவே தொடங்கிய மித்ர் சிகிச்சை நிலையம், 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவித்தொகையை நிறுத்தியதும் மூடப்பட்டது. அப்படியானால் வெளிக்கதவைச் சாத்தியவர்கள் உள்கதவைத் திறந்துவிட வேண்டும். இரண்டையும் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

இது நம் பண்பாடு இல்லை என்று கோயிலில் என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2008லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்துவிட்டது. அதை விடுங்கள், இங்கேயே பாருங்கள். 1971 ஜூலை 30ஆம் தேதி, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் பேராசிரியர் ஷான் ரத்தினம், இலங்கையில் பிறந்தவர், நம்மவர். 1973 முதல் அடையாள அட்டையை மாற்றிக்கொள்ளவும் வழி வந்தது. அரசாங்க மருத்துவமனை, அரசாங்க மருத்துவர். அரை நூற்றாண்டுக்கு முன்பு அவ்வளவு துணிந்த நாடு இது.

வரிப்பணத்தை இதற்குக் கொடுக்கக் கூடாது என்று உண்மையான சமய நம்பிக்கையோடு சொல்பவர்களும் உண்டு. அவர்களை நான் பழிக்கமாட்டேன், என் அத்தானே அப்படிச் சொல்பவர்தான். அவர் வரி கட்டுகிறார். அவர் மகளும் கட்டுகிறாள். நான் கேட்பது ஊர்வலத்துக்கும் விழாவுக்கும் பணம் இல்லை. கட்டில், அரிசி, இரவில் யாராவது எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி, இவற்றுக்குத்தான்.

நாடாளுமன்ற உறுப்பினர்களில் யாராவது இதைப் படித்தால், சமுதாய குடும்ப மேம்பாட்டு அமைச்சிடம் இரண்டைக் கேளுங்கள். இப்படிப்பட்ட தங்குமிடங்கள் அறநிறுவனமாகவும் ஐபிசியாகவும் பதிவாக அந்த விதிவிலக்கைப் பயன்படுத்துவார்களா? அதுவரை, அரசாங்க உதவி கேட்டு வருபவர்களை இங்கே அனுப்பிவைக்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகை தருவார்களா? கணக்கு நான் எழுதித் தருகிறேன். ஆறு ஆண்டு ரசீதுகள் தேதிவாரியாக ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

குத்தகை வரும் மார்ச்சில் முடிகிறது. வீட்டுக்காரர் மாதம் 400 வெள்ளி கூட்டிக் கேட்டிருக்கிறார். போன சனிக்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஜூன் வரை தாங்கும். நான் புத்தகத்தை மூடும்போது வாசலில் புதிதாக ஒரு ஜோடி காலணி இருந்தது, உள்ளே வந்த பிள்ளைக்கு 19 வயது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஈசூன்