25 கிலோ என்று சொல்லி 40 கிலோ அனுப்பியது பற்றி

அனுப்புநர்:
பேஸ் கிட்டார் கலைஞர்,
மெல்லிசைக் குழு,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இசைக்கருவி விற்பனை நிறுவனம்.

நாள்: 20.01.2025

பொருள்: 11.11.2024 அன்று வாங்கிய பேஸ் ஆம்ப் ஹெட் (ஒலியைப் பெருக்கும் கருவி), இரண்டு கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) – சொன்ன பொருளை அனுப்பாதது, பழுதுக்கு என் மேல் பழி போட்டது – பணத்தைத் திருப்பிக் கேட்பது.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் சர்வீஸ் சென்டர் டிசம்பர் 27 தேதியிட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஆம்ப் ஹெட் பழுதானதற்குக் காரணம் ‘வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு’ என்று அதில் ஒரு வரி. வாரண்டி செல்லாது, சரிசெய்ய ரூ.23,400 கட்டவும் என்று இன்னொரு வரி. அந்த இரண்டு வரிக்கும் நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷமாக நான் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, எல்லாம் உண்டு. இத்தனை நாளும் நான் வைத்திருந்தது ஆம்ப்பும் 15 அங்குல ஸ்பீக்கரும் ஒரே பெட்டியாக வரும் பழைய காம்போ. எடை 41 கிலோ. நல்ல சத்தம், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் திருச்சி, தஞ்சாவூர் பக்கத்து மண்டபங்களில் பாதிக்கு மேல் மேடை மாடியில்தான் இருக்கும். லிஃப்ட் இருந்தால் அதைச் சாம்பார் வாளிகள் பிடித்துக்கொள்ளும். போன வருஷம் இடுப்பில் டிஸ்க் விலகி மூன்று வாரம் படுத்தேன். “இனிமேல் பாரம் தூக்கினால் ஆபரேஷன்தான்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் உங்களிடம் வந்தேன். சத்தம் பற்றாமல் வரவில்லை, தூக்க முடியாமல் வந்தேன். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

விவரம் தெரியாதவன் என்று நினைத்து உங்கள் சர்வீஸ் சென்டர் எழுதியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஆம்ப்புகள் கனமாக இருந்ததற்கு உள்ளே இருந்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் பெரிய காரணம். 1969-ல் ஆம்பெக் கம்பெனி எஸ்விடி என்று 300 வாட்ஸ் வால்வு ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் ஹெட் மட்டுமே ஏறக்குறைய 40 கிலோ. அதற்குக் கீழே எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் வைத்த ஆளுயரப் பெட்டி வேறு. இன்றைக்கு அந்தப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படாத எஸ்.எம்.பி.எஸ் மின்வழங்கியும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி சர்க்யூட்டும் வந்தபிறகு 3 கிலோ ஹெட் 800 வாட்ஸ் தருகிறது. உள்ளே போகிற மின்சாரத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போய்விடுவதால், சூட்டை வெளியேற்றும் பெரிய உலோக ஹீட்சிங்க் தேவையில்லை. ஸ்பீக்கரிலும் அதே கதைதான். தோசைக்கல் மாதிரி அகலமான ஃபெரைட் காந்தத்தின் இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் நியோடிமியம் காந்தம் வந்துவிட்டது. பெட்டிக்கும் எடை குறைந்த பாப்லர் பிளைவுட் போடுகிறார்கள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சின்னப் பெட்டி, அடித்தொண்டை வரை இறங்கும் பேஸ், குறைந்த வாட்ஸில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் ஒரு பெட்டியில் எதிர்பார்க்கலாம். நாலு தந்தி பேஸில் அடித்தந்தியான ஈ (E) சுரம் 41 ஹெர்ட்ஸ், அஞ்சு தந்தியில் பி (B) ஏறக்குறைய 31. ஒற்றை 12 அங்குலப் பெட்டி அதை இடி மாதிரி தரும் என்று நான் கனவு காணவில்லை. அதனால்தான் இரண்டு பெட்டி கேட்டேன். சின்ன நிகழ்ச்சிக்கு ஒன்று, பெரிய மண்டபத்துக்கு இரண்டு. ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கிப் போகலாம். யோசித்துச் செய்த முடிவு இது.

உங்கள் இணையதளத்தில் இருந்த விவரம் இப்படி: ஹெட் 2.9 கிலோ, 4 ஓமில் 800 வாட்ஸ். கேபினெட் ஒவ்வொன்றும் 12 அங்குல நியோடிமியம் ஸ்பீக்கர், 8 ஓம், 11.2 கிலோ. மூன்றும் சேர்ந்து 25 கிலோ சொச்சம். (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை. ஒரே மாதிரி இரண்டு பெட்டியைச் சேர்த்து மாட்டினால் அது பாதியாகும். அது குறையக் குறைய ஹெட்டிலிருந்து அதிக மின்சாரம் இழுக்கும்.) அதற்கு நீங்கள் வைத்த பெயரே ‘லைட் வெயிட் கச்சேரி செட்’. படம் எடுத்து வைத்திருக்கிறேன், இணைத்துள்ளேன். அதோடு விடாமல் உங்கள் விற்பனைப் பிரிவுத் தம்பியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். “ரெண்டு கேப்பும் 8 ஓம்தானே தம்பி, சேர்த்துப் போட்டால் ஹெட் தாங்குமா?” அவர் பதில்: “8 ஓம்தான் சார், ரெண்டும் சேர்ந்தா 4 ஓம், ஹெட்டுக்கு கரெக்டா செட் ஆகும்.” அதையும் இணைத்துள்ளேன். அதன் பிறகே ஹெட்டுக்கு ரூ.62,000, கேபினெட் இரண்டுக்கும் ரூ.56,500, ஆக மொத்தம் ரூ.1,18,500 கட்டினேன். பழைய காம்போவை 21,000-க்கு விற்றது போக மீதி தவணை.

நவம்பர் 19 பொருள் வந்தது. முதல் அட்டைப்பெட்டியைத் தூக்கும்போதே இடுப்பு சொன்னது, இது 11 கிலோ இல்லை என்று. அன்றே உங்களுக்கு எழுதினேன். “பேக்கிங் வெயிட் சார்” என்று பதில் வந்தது. தெர்மோகோலுக்கு ஏழு கிலோ எடை இருக்குமா என்று அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். புதுப்பொருள் வந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன், அது என் தப்பு. வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டியை மட்டும் பிரித்துச் சின்ன சத்தத்தில் வாசித்துப் பார்த்தேன். டோன் நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரில் ரிசப்ஷன். மண்டபம் பெரிது. இரண்டாவது பெட்டியையும் பிரித்து, நீங்கள் அனுப்பிய கேபிள்களையே மாட்டினேன். ஹெட்டிலிருந்து முதல் பெட்டிக்கு நீளக் கேபிள், அதிலிருந்து இரண்டாவது பெட்டிக்கு அரை மீட்டர் கேபிள். முதல் மூன்று பாட்டு ஓடியது. நாலாவது எண்பதுகளின் பாட்டு. அந்தக் காலத்துப் பாட்டில் பேஸ் என்பது பின்னால் நிற்கிற ஆள் இல்லை, பாடகருக்குச் சமமாகக் கூடவே பாடிக்கொண்டு வருகிற ஆள். பல்லவி முடிந்து இடையிசை. பேஸ் தனியாக இறங்கி வருகிற இடம். டப் என்று சத்தம் நின்றது. ஹெட் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது என்று காட்டும் ப்ரொடெக்ட் விளக்கு சிவப்பாக எரிந்தது. அணைத்துப் போட்டேன், வந்தது. அரை சரணத்தில் மறுபடி போனது. மூன்றாவது தடவை போனபோது லேசாகக் கருகின வாசனை வந்தது. அதற்குப் பிறகு விளக்குகூட எரியவில்லை.

ஹெட் போனால் அதிலிருந்து மிக்சருக்குப் போகும் டிஐ இணைப்பும் போய்விடும். சவுண்ட் சர்வீஸ்காரர், கிட்டாரை நேரே மிக்சரில் இணைக்கும் தன் டிஐ பாக்ஸைத் தேடி எடுத்து வரும்வரை கீபோர்டு தம்பி இடது கையில் பேஸ் போட்டு ஒப்பேற்றினான். நான் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையில் சும்மா நின்றேன். மாப்பிள்ளைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கீழேயிருந்து, “அவரு எதுக்கு நிக்கிறாரு?” என்று கேட்டது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது.

மறுநாள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்கு இரண்டு பெட்டியையும் ஆட்டோவில் கொண்டுபோனேன். “என்னண்ணே, பழைய இரும்பா?” என்றார் கடைக்காரர். எலக்ட்ரானிக் தராசில் ஒன்று 18.6, இன்னொன்று 18.7. ஹெட்டையும் சேர்த்தால் 40.2 கிலோ. என் பழைய காம்போ 41 என்று மேலே எழுதியிருக்கிறேன். அதாவது 800 கிராம் குறைப்பதற்கு நான் உங்களுக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் சொச்சம் கட்டியிருக்கிறேன்.

அப்புறம் ரேடியோ மெக்கானிக் நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து மீட்டர் வைக்கச் சொன்னேன். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மல்டிமீட்டரில் ஐந்தரை, ஆறு காட்டும். 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை. ஒரு பெட்டியில் 3.3, இன்னொன்றிலும் 3.3. இரண்டையும் சேர்த்தபோது 1.7-க்குக் கீழே. பெட்டியின் காற்றுத் துளை வழியாகச் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே இருப்பது அகலமான, கனத்த ஃபெரைட் காந்தம். நியோடிமியம் இல்லை. ஆக எடை, காந்தம், ஓம் மூன்றுமே வேறு. நீங்கள் தளத்தில் காட்டியது ஒரு பெட்டி, லாரியில் ஏற்றியது வேறொரு பெட்டி.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ஹெட்டின் குறைந்தபட்ச லோடு 4 ஓம், வாடிக்கையாளர் 2 ஓம் கொடுத்திருக்கிறார் என்கிறீர்கள். உண்மைதான். 4 ஓமில் 800 வாட்ஸ் தரும்போது 14 ஆம்பியர் ஓடுகிறது என்றால், அதே மின்னழுத்தத்தில் 2 ஓம் 28 ஆம்பியர் கேட்கும். எந்த ஹெட் தாங்கும்? ஆனால் அந்த 2 ஓமை எனக்கு விற்றது யார்? நான் வேறு கடையில் கேபினெட் வாங்கிச் சொந்த யோசனையில் மாட்டியிருந்தால் உங்கள் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பணமும் கட்டியிருப்பேன். ஹெட், இரண்டு பெட்டி, கேபிள் எல்லாம் ஒரே பில்லில் ஒரே செட்டாக உங்களிடமிருந்து வந்தவை.

பெட்டியின் பின்னால் 4 ஓம் என்று அச்சடித்திருக்கிறது, பார்த்திருக்க வேண்டும் என்கிறீர்கள். இருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே, எறும்பு வரிசை மாதிரி எழுத்தில். நான் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எழுத்துமூலம் கேட்டு, 8 என்று எழுத்துமூலம் பதில் வாங்கியவன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றால், உங்கள் ஆள் எதற்கு?

‘ஒரு நேரத்தில் ஒரு கேபினெட் மட்டுமே பயன்படுத்தியிருக்க வேண்டும்’ என்ற மூன்றாவது வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். அப்படியானால் அந்த அரை மீட்டர் கேபிளை எதற்கு அனுப்பினீர்கள்? ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போவதைத் தவிர அதற்கு வேறு வேலை என்ன? எடையைப் பற்றி நான் கேட்டதற்கு, ‘விவரக்குறிப்புகள் முன்னறிவிப்பின்றி மாறலாம்’ என்று மட்டும் பதில். நிறம் மாறலாம், குமிழ் மாறலாம். 11 கிலோ 18 கிலோ ஆவதை மாற்றம் என்று நான் ஒத்துக்கொள்ள முடியாது, அதுவும் எடைக்காகவே வாங்கிய பொருளில்.

என் முதல் புகார் டிசம்பர் 2. இணையவழி விற்பனைக்கான 2020-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்குத் தானியங்கிப் பதிலில் ஒரு எண் வந்தது. அதற்குப் பிறகு உங்கள் பெயரில் ஒரு வரி வரவில்லை. மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதால் நானும் பொறுத்திருந்தேன். இப்போது தை பிறந்துவிட்டது. முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 1,500 கொடுத்து ஆம்ப் வாடகைக்கு எடுக்கிறேன், இதுவரை இரண்டு தடவை.

நான் கேட்பது இவ்வளவுதான். ரூ.1,18,500 முழுவதும் திருப்பித் தாருங்கள், ஆம்ப் வாடகை ரூ.3,000-மும் சேர்த்து. ஹெட் ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது, கேபினெட் இரண்டையும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால், ஹெட்டை இலவசமாகச் சரிசெய்து, தளத்தில் போட்டிருந்த அதே 8 ஓம், 11.2 கிலோ, நியோடிமியம் பெட்டிகள் இரண்டை அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் தராசில் வைத்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் செய்யுங்கள். இதற்கும் நான் சம்மதிப்பேன், ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே அந்தச் செட்தான் வேண்டும். எப்படியானாலும் தளத்திலுள்ள விவரத்தை இன்றே திருத்துங்கள். அந்தப் பக்கம் நேற்றும் அப்படியேதான் இருந்தது. இன்னொருவர் வாங்கி மேடையில் நிற்க வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை, நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. அங்கே போவதில் எனக்கு ஆசை இல்லை. சாயங்காலங்களில் எனக்கு வேறு வேலை இருக்கிறது.

கேபினெட் இரண்டும் அவற்றின் அட்டைப்பெட்டியிலேயே எங்கள் வீட்டு முதல் மாடியில் இருக்கின்றன. எடுத்துப்போக ஆள் அனுப்பும்போது தயவுசெய்து இரண்டு பேராக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

இணைப்பு: பில் நகல், தளத்தின் பக்கப் படம், வாட்ஸ்அப் உரையாடல், தராசில் வைத்து எடுத்த படங்கள் இரண்டு, மீட்டர் அளவீட்டுப் படம், அரை மீட்டர் கேபிளின் படம்.