செழியனுக்கு, மெழுகுவத்தியைப் பற்றி

அன்பு மகன் செழியனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். இங்கே இரண்டு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. விடுமுறையில் யாழினி கைப்பேசியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள், வீட்டிலேயே அவளோடு ஏதாவது அறிவியல் சோதனை செய்யலாமா என்று கேட்டாய் அல்லவா? தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தச் சாக்கில் உன்னிடம் எனக்கிருக்கும் பழைய கடன் ஒன்றையும் தீர்த்துவிட வேண்டும்.

முதலில் மஞ்சள். உனக்கு நான்கு வயதிருக்கும். சாம்பார் சிந்திய உன் வெள்ளைப் பனியனைத் துவைகல்லில் போட்டுச் சோப்பு தேய்த்தேன். மஞ்சள் கறை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்துவிட்டது. பனியனுக்கு அடிபட்டுவிட்டது என்று நீ அழ ஆரம்பித்தாய். பிழிந்து போட்டிருந்த எலுமிச்சை மூடியை எடுத்து அதன்மேல் தேய்த்தேன். மறுபடி மஞ்சள்! அழுகை நின்றது. "இன்னொரு தடவை, அம்மா" என்றாய். அன்று மற்ற துணிகள் வாளியிலேயே ஊறிக் கிடந்தன.

அதையே யாழினிக்கும் செய்து காட்டு. ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசிக் காயவை. சோப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு அவள் பெயரை எழுதச் சொல். ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் ஒரு கோடு இழுக்கட்டும், எது கூடுதலாகச் சிவக்கிறது என்று பார்க்கட்டும். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். காரத்தன்மை உள்ளது பட்டால் அது சிவக்கும், புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலக்கிறோமே, அதே சங்கதிதான். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுத்துவிடாதே, கண்ணில் பட்டால் பொல்லாதது.

அடுத்தது மிளகு. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளை மேலே தூவு. பாத்திரம் துலக்கும் சோப்பை விரல் நுனியில் தொட்டு நடுவில் வைக்கச் சொல். தூள் அத்தனையும் விளிம்புக்கு ஓடும். தண்ணீரின் மேற்பரப்பு நாலா பக்கமும் இழுத்துக் கட்டிய துணி போன்றது. சோப்பு பட்ட இடத்தில் அந்த இழுவிசை தளர்கிறது, சுற்றியுள்ள நீர் தன் பக்கம் இழுக்கிறது, மிளகும் கூடவே போகிறது. இரண்டாம் தடவை விரலை வைத்தால் ஒன்றும் நடக்காது. ஏமாந்து உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது நீ வாயைத் திறக்காதே. தட்டை நன்றாக அலசிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். நேரமானால் ஆகட்டும்.

நூலகத்தில் வேலை பார்த்த நாட்களில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணியைப் பற்றிப் படித்தேன். 1862இல் பிறந்தவர். அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம். நோய்ப்பட்ட பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருந்தவர், எண்ணெய்ப் பிசுக்கும் மற்ற அழுக்கும் நீர்ப்பரப்பை என்ன செய்கின்றன என்று அளக்கத் தாமே ஒரு தகரத் தொட்டியை அமைத்துக்கொண்டார். 1891இல் தாம் கண்டதை இங்கிலாந்தில் இருந்த இயற்பியல் அறிஞர் ரேலீ பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வெளிவரச் செய்தார். பாத்திரம் துலக்கும்போது இன்றும் எனக்கு அந்த அம்மாளின் ஞாபகம் வரும். யாழினிக்கு அவர் பெயரைச் சொல்லிவை.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதப்பது உனக்கே தெரியும். எத்தனையாவது ஸ்பூனில் எழும்புகிறது என்று அவள் எண்ணட்டும், அது போதும்.

இனி அந்தக் கடன். நீ மூன்றாம் வகுப்பு படித்தாய். மின்சாரம் போன ஒரு ராத்திரி, தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி நிறுத்தி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. ஆக்சிஜனைச் சுடர் தின்றுவிட்டது, காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். எனக்குச் சொல்லித் தந்ததும் அதுதான். நீ தரையோடு தரையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "எரியும்போது ஏறவில்லையே, அணைந்த பிறகுதானே ஏறியது?" என்று கேட்டாய். "பேசாமல் சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதுதான் சரி. சுடர் உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கி விரிக்கிறது. உற்றுப் பார்த்தால் டம்ளர் விளிம்பின் அடியில் குமிழிகள் வெளியேறுவது தெரியும். அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாகிறதுதான். ஆனால் முழுவதும் தீர்வதில்லை, கரியமில வாயுவும் உண்டாகிறது. போன மாதம் அதே டம்ளருக்குள் மூன்று சிறு மெழுகுவத்திகளை ஏற்றிப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. அத்தனை மெழுகுவத்திக்கும் உள்ளே இருந்தது அதே அளவு ஆக்சிஜன். கூடியது சூடு மட்டும்தான். அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

அன்றைக்கு உன் வாயை அடைத்தது இத்தனை வருடமும் என் மனத்தில் கிடந்தது. "தெரியவில்லையப்பா, வா, இன்னொரு தடவை செய்து பார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். யாழினி எதைக் கேட்டாலும் நீ அப்படிச் சொல். டம்ளரைக் கவிழ்ப்பதற்கு முன்பே என்ன நடக்கும் என்று அவளிடம் கேட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதிவை.

தீக்குச்சியை நீயே கிழி. அவள் தலைமுடியை இறுகப் பின்னிவிட்டு உட்காரவை. விரலி மஞ்சளை மில்லில் அரைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், சமையலுக்குப் பாதி, தாளில் பூசப் பாதி. நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவின் கைப்பேசிக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா