தெற்குப் பார்த்த பாறையாகப் பார், மகள்

கொக்கட்டிச்சோலை,
பங்குனி

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ஏப்ரல் முதல் சனிக்கிழமை பாறை ஏறப் போகிறோம், குளிர்காலம் முழுக்க உள்ளரங்குச் சுவரில் ஏறியதில் கை நன்றாகப் பழகியிருக்கிறது, இந்த முறை கயிற்றைக் கட்டிக்கொண்டு முன்னுக்குப் போவது நான்தான் என்று சொன்னாய். அம்மா அதைக் கேட்டதும் சாமியறைக்குள் போய்விட்டா. எனக்கும் பயம் இருக்கிறது. ஆனால் போகாதே என்று எழுத நான் உட்காரவில்லை. நீ சொன்ன இடத்தின் பெயர்தான் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வேல்ஸில் லான்பெரிஸ் கணவாய், அங்கே டினாஸ் மொட் என்ற பாறை.

போனை வைத்ததும் வரைபடத்தைப் பார்த்தேன். இத்தனை வருசம் புவியியல் படிப்பித்தவனுக்கு வேறு என்ன தெரியும்? அந்தக் கணவாயில் றோட்டுக்கு இந்தப் பக்கம் டினாஸ் மொட், அந்தப் பக்கம் டினாஸ் கிரோம்லெக். இரண்டும் எரிமலைப்பாறை. ஒரே மழைதான் இரண்டிலும் பெய்கிறது. ஆனால் மொட் வடக்கைப் பார்த்து நிற்கிறது, கிரோம்லெக் தெற்கைப் பார்த்து நிற்கிறது. சூரியன் தெற்கே சாய்ந்து போகிற நாட்டில், அதுவும் குளிர்காலம் இப்போதுதான் விட்டுப்போகிற நேரத்தில், இது சின்ன வித்தியாசம் இல்லை மகள். ஒரே இடத்தில் காரை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் ஏறினால் மாரி, மறுபக்கம் ஏறினால் கோடை.

உனக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. நாங்கள் வெயில் விழுகிற திசையை வைத்தே ஊருக்குப் பெயர் வைத்த ஆட்கள். வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரை, இந்தப் பக்கம் படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். நீ சின்னப்பிள்ளை, பாதைக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது வெயில் முகத்தில் அடிக்கிறது என்று என் பின்னால் ஒளிந்துகொள்வாய். ஒரு பாறையைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். இது எழுவான் பார்த்ததா, படுவான் பார்த்ததா?

இன்னொன்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்ச் 20ஆம் திகதி அளவில் சூரியன் மத்தியகோட்டுக்கு நேரே நிற்கும். அன்று நடுப்பகலில் மட்டக்களப்பில் அது தரையிலிருந்து 82 பாகை உயரத்தில், ஏறத்தாழ உச்சந்தலையில் இருக்கும். உங்கள் பக்கம் 37 பாகைதான். அதனால் இங்கே நடுப்பகல் வெயில் முற்றத்தில் விழுகிறது, சுவரில் அவ்வளவாகப் படுவதில்லை. அங்கே தலைகீழ். வெயிலுக்கு நேரே பிடித்த பலகையில் விழுவதை நூறு என்று வைத்தால், தரையில் 60 பங்கு விழும் நேரத்தில், தெற்குப் பார்த்த செங்குத்துச் சுவரில் 80 பங்கு விழுகிறது. அம்மா மோர்மிளகாய் காயவைக்கும்போது, வெயில் சாய்ந்த பிறகு சுளகைத் தூக்கிச் சுவரில் சாத்தி வைப்பாவே, அதேதான். ஜூன் மாதத்தில் சூரியன் 60 பாகைக்கு ஏறிவிடும், அப்போது அதே சுவருக்கு நடுப்பகலில் ஐம்பது பங்கு கூடக் கிடைக்காது. ஆகவே தெற்குப் பார்த்த பாறைக்கு இதுதான் காலம். மொட் எங்கும் ஓடிப்போகாது. கோடையில், மற்றப் பாறைகள் சுடும்போது, அதன் நிழலுக்குப் போகலாம்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். என் இடது மணிக்கட்டு வளைந்திருப்பதற்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததுதான் காரணம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். எனக்குப் பத்தொன்பது வயது. தை மாதம், மழை விட்டு நாலு நாள். கூட்டாளிமாரோடு தாந்தாமலைக்குப் போயிருந்தேன். கல்லின் மேலே வெறுங்காலை வைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டை நம்பித்தான் நிழல் பக்கமாக இறங்கினேன். மேலே கல்லில் ஒரு குழி, மாரி மழை முழுக்க அதில் தேங்கி நின்றது. அதிலிருந்து விரல் அகலத்துக்குத் தண்ணீர் கசிந்து, கல்லில் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. நீயும் பார்த்திருப்பாய், நம் கல்மலை எல்லாவற்றிலும் அப்படிக் கறுத்த கோடுகள் இருக்கும். அது நுண்ணிய பாசி. காய்ந்திருந்தால் சொரசொர என்று காலைப் பிடிக்கும், நனைந்திருந்தால் எண்ணெய். வலது காலை அதில் வைத்ததுதான் நினைவு. பனையளவு உயரம் இல்லை, ஆளுயரம் ஒன்றரை இருக்கும். கீழே கையை ஊன்றினேன், முறிந்தது. வீட்டில் மலைக்குப் போனதைச் சொல்லப் பயந்து சொன்ன கதைதான் கிணற்றடி. இத்தனை வருசமாக அதையே உனக்கும் சொல்லிவிட்டேன்.

அன்று நான் பிழையாக நினைத்தது என்னவென்றால், மழை விட்டால் கல் காய்ந்துவிடும் என்று. கல் மழையால் மட்டும் நனைவதில்லை. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே புல்லும் சதுப்பும் பனியும் இருந்தால், வானம் வெளுத்து ஒரு கிழமை ஆனாலும் கீழே வடிந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புக்கல் இன்னும் மோசம், உள்ளே இருக்கும் ஓட்டைகள் வழியாக மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கிழமைக்கணக்கில் கசியவிடும். நீங்கள் ஏறுவதோ ஏற்கெனவே ஆணி அடித்து வைத்த பாறை இல்லை. முன்னுக்குப் போகிறவர் வெடிப்புக்குள் நட், கேம் என்கிற உலோகப் பிடிகளைச் செருகி அதில் கயிற்றைக் கொளுவிக்கொண்டு போகிற முறை. பாறையின் முகம் காய்ந்து வெடிப்பு ஈரமாக இருந்தால் கை பிடிக்கிற இடம் நல்லது, உயிர் பிடிக்கிற இடம் பழுது. கேம் நிற்பதே உராய்வில்தான் என்று நீதானே எனக்கு விளங்கப்படுத்தினாய்.

அதனால் இடத்தை மாற்றச் சொல்லிக் கூட்டாளிமாரிடம் கேள். ஒரு நாள்தான் என்றால் இங்கிலாந்தில் ஸ்டானேஜ் பாறை போதும், ஷெஃபீல்டுக்குக் கிட்டத்தானே. அதன் கல் முரட்டு மணற்கல், அந்தக் காலத்தில் அங்கேயே திரிகைக்கல் கொத்தியிருக்கிறார்கள், கொத்தி விட்டுப்போன வட்டக்கற்கள் இன்றும் அடிவாரத்தில் கிடக்கின்றன. மாவரைக்கிற கல் என்றால் காலைப் பிடிக்காமல் விடுமா! அது தென்மேற்குப் பார்த்தது, நம் கணக்கில் படுவான் பக்கம். காலையில் நிழல், மத்தியானத்துக்குப் பிறகுதான் முழு வெயில். விடியற்காலையில் போய் விறைக்காதே. மார்ச் கடைசி ஞாயிறு உங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைப்பார்கள், அதன் பிறகு சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணியளவில். ஏழரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அவசரம் இல்லை. காற்று மட்டும் பொல்லாதது. உயரம் 458 மீட்டர் வரை போகிறது, மேலே வெட்டவெளி. காற்று கல்லைக் காயவைக்கும், ஆனால் கீழே கயிறு பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவரையும் விறைக்கவைக்கும். தடித்த ஜக்கெட் கொண்டு போ.

வேல்ஸுக்குத்தான் போக வேண்டும் என்றால் ட்ரமாடொக். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தெற்குப் பார்த்தது, கடல் மட்டத்துக்குக் கிட்ட. 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை குளிர் கூடும், அந்தக் கணக்கிலும் மலையை விட அது சூடு. மலையில் முகில் மூடி மழை பெய்யும் நாளிலும் அங்கே காய்ந்திருப்பது அடிக்கடி நடக்கும். ஒரு காலத்தில் கடல் அலை அந்தப் பாறையின் காலடியில்தான் மோதியது. 1811இல் அணை கட்டி முடித்துக் கடலைத் தள்ளிவிட்டார்கள், இப்போது கீழே புல்லும் மரமும். அந்த மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மரம் நிழல் போடும் அடிப்பகுதி ஈரமாக இருக்கலாம். மேலே வெயிலைப் பார்த்துவிட்டு முதல் பத்து அடியை அலட்சியமாக ஏறாதே.

எங்கே போனாலும் இது வருசத்தின் முதல் ஏற்றம் என்பதை நினைவில் வை. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். பனிக்காலம் முழுக்க அது வெடிப்புகளுக்குள் ஆப்பு அடித்தது போல் வேலை செய்திருக்கும். போன வருசம் நீ தொங்கிய கல் இந்த வருசம் ஆடலாம். சந்தையில் பானை வாங்கும்போது அம்மா முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாவே, அப்படித் தட்டிப் பார். சத்தம் பொத்தென்று வந்தால் கையை எடு. ஹெல்மெட் போடு, கயிறு பிடித்து நிற்கும்போதும் போடு. ஏறும்போது கொளுவுகிற நாடாக்கள் வெயிலில் வெளுத்துப்போயிருந்தால் புதிதாக வாங்கு, காசு நான் அனுப்புகிறேன்.

பறவைகளும் இருக்கின்றன. வசந்தத்தில் வல்லூறு கூடு கட்டும் பாறைகளையும் கடலோரப் பாறைகள் பலவற்றையும் ஏறுகிறவர்களுக்கு மூடி வைப்பார்கள். பிரித்தானிய மலையேறுவோர் சங்கம் எங்கே தடை என்று போட்டிருக்கும், போகும் முதல் நாள் இரவு பார்த்துவிடு. குஞ்சு பொரிக்கிற இடத்துக்கு நம் பிள்ளை போய்க் கலைத்தாள் என்று இருக்கக் கூடாது.

சனிக்கிழமை பாறையடிக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமல், கயிற்றை எடுக்காமல், முதலில் உள்ளங்கையை வெயில் படுகிற கல்லில் வை. பிறகு பக்கத்தில் வெடிப்புக்குள் இரண்டு விரலை முழுதாக விட்டுப் பார். விரல் எப்படி வெளியே வந்தது என்று எனக்கு ஒரு செய்தி போடு. இறங்கியதும் இன்னொன்று போடு. இங்கே அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். பரவாயில்லை, போன் என் தலைமாட்டில் இருக்கும்.

அன்புடன்,
அப்பா