துடிப்பைச் சீராக்கும் மாத்திரை எல்லா இதயத்துக்கும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரை, நாடி பிடித்துப் பார்த்தே இந்நோயை ஐயுறலாம் என்று சொன்னது பயனுள்ளது. ஆனால், துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகளால் இதயமும் வலுப்பெறும் என்று அதில் பொதுப்படக் கூறியிருப்பது திருத்தப்பட வேண்டும்.

அக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே அதிரும்போது, கீழறைகள் நிரம்புவதற்கு அவை தரும் கடைசி உந்துதல் இல்லாமற் போகிறது. அதோடு வேகத் துடிப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் கீழறைத் தசை தளர்ந்து, எக்கோ பரிசோதனையில் ‘பம்பிங்’ (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) குறைந்திருப்பதாக அறிக்கை வரும். இப்படித் தளர்ந்த இதயம், துடிப்பு கட்டுக்குள் வந்த சில மாதங்களில் நன்றாகத் தேறுவதுண்டு.

மறுபாதிதான் கவலைக்குரியது. ஃபிளெகெய்னைடு போன்ற துடிப்பைச் சீராக்கும் மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தை மட்டுமன்றித் தசை சுருங்கும் விசையையும் குறைக்கக்கூடியவை. மாரடைப்பு வந்தவர்களின் கீழறை மிகைத்துடிப்பை அடக்க இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்த ‘காஸ்ட்’ ஆய்வில், மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களே அதிகமாக இறந்தனர் என்பது 1989-இல் தெரியவந்தது. அது வேறு வகைத் துடிப்புக் கோளாறு என்றாலும், பழுதுபட்ட இதயத்துக்கு இம்மருந்து ஆகாது என்ற விதி அன்றிலிருந்தே நிலைத்துவிட்டது. கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு டிரோனெடரோன் என்ற இன்னொரு துடிப்புச் சீராக்கும் மருந்தைத் தந்த ஆய்வும் பாதியில் நிறுத்தப்பட்டது. 2008-இல் வெளியான அதன் முடிவின்படி மருந்து பெற்றவர்களில் 25 பேரும் பெறாதவர்களில் 12 பேரும் இறந்திருந்தனர்.

பலவீனமான இதயத்துக்கு, இதே வகையைச் சேர்ந்த அமியோடரோன் என்ற மருந்து பெரும்பாலும் பொருந்துகிறது. ஆயினும், பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த 1,376 பேரை வைத்து நடந்த ஆய்வில், பெரும்பாலும் இம்மருந்தைக் கொண்டே துடிப்பைச் சீராக்கியும், வேகத்தை மட்டும் குறைத்தவர்களைவிட இதயநோய் இறப்புகள் குறையவில்லை. நோய் கண்டறியப்பட்ட ஓராண்டுக்குள் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சையைத் தொடங்கினால் பக்கவாதமும் இதயநோய் இறப்பும் குறைகின்றன என்று 2020-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு நம்பிக்கை தருகிறது. அதைப் பல்லாண்டு நோயாளிகளுக்கும் நீட்டிப் பேசுவது சரியன்று என்பது என் கருத்து.

மருந்துக் கடைகளில் பழைய சீட்டைக் காட்டி அமியோடரோன் வாங்கிச் செல்வோர் பலர். அதன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருப்பதால், தைராய்டு பரிசோதனையை அவ்வப்போது செய்தாக வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் வீரியத்தையும் அது கூட்டிவிடும் என்பதால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்து விழுங்குவது ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். துடிப்பு சீராகிவிட்டதே என்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவோரும் உண்டு; பக்கவாதத்துக்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

ஆகவே, எக்கோ பார்த்த பின்னரே இம்மருந்துகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும், மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது என்பதையும் அதே பகுதியில் ஒரு விளக்கக் குறிப்பாக வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மதுரை.