செம்பு வெளியேறும் வழி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் தேக்காவில் செம்புத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை விலை கேட்டபோது, “எவ்வளவு குடித்தாலும் பயமில்லை அண்ணே, மிஞ்சின செம்பு சிறுநீரில் போய்விடும்” என்றார் கடைத் தம்பி. மருத்துவ ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய என்னிடம் உறவினர்களும் இதையே சொல்வதால் இக்கடிதம்.

சிறுநீரில் போகும் செம்பு மிகச் சொற்பம். மிகுதியைக் கல்லீரல்தான் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பி, மலத்தோடு வெளியேற்றுகிறது. சந்தையில் மீன் வெட்டுபவர் கத்தி நுனி படாமல் ஒதுக்கியெடுக்கும் கரும்பச்சைப் பையில், உடைந்தால் மீனையே கசக்க வைக்கும் அந்தப் பையில், இருப்பதும் பித்தநீர்தான். மாங்கனீசுக்கும் முக்கிய வழி இதுவே; ஆகவே பித்த ஓட்டம் தடைப்பட்டவர்களின் மூளையில் அது படிவதை எம்ஆர்ஐ படத்தில் காண முடிகிறது. மீன் வழியே நம்முள் சேரும் மெத்தில் பாதரசமும் பித்தநீரில் இறங்குகிறது. ஆனால் குடல் அதில் பெரும்பகுதியை மறுபடி உறிஞ்சிக்கொள்வதால், அது உடலைவிட்டு நீங்கப் பல வாரங்கள் பிடிக்கும்.

செம்பைப் பித்தநீரில் சேர்க்கும் புரதம் பிறவியிலேயே பழுதுபட்டவர்களும் உண்டு. 1912இல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்த இந்த வில்சன் நோய்க்குக் காரணமான மரபணு 1993இல்தான் கண்டறியப்பட்டது. செம்பு முதலில் கல்லீரலில் தேங்கி, பின் மூளைக்குச் செல்கிறது. நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து கோணலாகும், பேச்சு குழறும், கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும். இவர்களுக்குக் கொடுக்கப்படும் பெனிசிலமின் மருந்து செம்பைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. கடைத் தம்பியின் கூற்று இந்த மருந்தை உட்கொள்பவருக்குத்தான் ஓரளவு பொருந்தும். அவருக்கோ மருத்துவர் செம்புப் பாத்திரமே கூடாது என்பார்!

செம்பு கலந்த பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்குமுன் ஈயம் (வெள்ளீயம்) பூசச் சொன்ன பாட்டிமார் வேதியியல் படித்தவர்கள் அல்லர். இன்றோ செம்புப் போத்தலில் எலுமிச்சை பிழிந்து இரவெல்லாம் வைக்கிறார்கள். புளிப்பில் செம்பு கூடுதலாகக் கரையும்.

கல்லீரல் நோய், பித்தக்குழாய் அடைப்பு, வில்சன் நோய் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம் என ஒரு வரியைப் போத்தலின் அட்டையில் தமிழிலும் அச்சிடுமாறு விற்பனையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒருவருக்கு வில்சன் நோய் இருந்தால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர்,
ஈசூன்