செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், டிடர்ஜென்ட் தயாரிக்கும் நம் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"கச்சா எண்ணெய் ஏறவில்லையே, நாம் வாங்கும் மூலச்சரக்கு விலை மட்டும் ஏன் ஏறுகிறது?" இந்த ஆண்டு கூட்டத்துக்குக் கூட்டம் வந்த கேள்வி இது. அதற்கே முதலிடம் தருகிறேன்.

கச்சா எண்ணெய் பீப்பாய் ஏறக்குறைய 70 முதல் 90 டாலருக்குள்தான் நின்றது. அது, டிடர்ஜென்ட்டில் அழுக்கு நீக்கும் மூலப்பொருளான ஆசிட் சிலரிக்கு நல்ல சேதி. மண்ணெண்ணெயிலிருந்து பிரிக்கும் பாரஃபினும் பென்சீனும் சேர்ந்ததுதான் எல்.ஏ.பி. இதோடு கந்தகம் சேர்த்துத்தான் சிலரி செய்கிறார்கள்; மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தயாரிப்பது இதைத்தான். சிலரியின் எடையில் முக்கால் பங்கு அது. கந்தகம் பத்தில் ஒரு பங்குதான். அதனால் கந்தகம் ஏறிவிட்டது என்று யாராவது சிலரிக்குப் பெரிய உயர்வு கேட்டால், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அடி விழுந்தது, பாத்திரம் கழுவும் திரவத்துக்கு நுரை தரும் மூலப்பொருளான எஸ்.எல்.இ.எஸ். பக்கம். அதைச் செய்யத் தேவையான லாரில் ஆல்கஹால், பாம் கர்னல் எண்ணெயிலிருந்தோ (எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெய்) தேங்காய் எண்ணெயிலிருந்தோ வருகிறது. டீசலில் பாமாயில் டீசலை 40% கலக்கும் திட்டத்தை இந்தோனேசியா 2025-க்கு அறிவித்ததும் பாமாயில் சந்தை இறுகியது. தேங்காயிலும் வரத்துக் குறைவு. காங்கேயத்தில் கொப்பரை விலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொப்பரை ஏறும்போது எஸ்.எல்.இ.எஸ். பின்னாலேயே வரும். ஆக, பாத்திரம் கழுவும் திரவம் தயாரிப்பவர்கள்தான் இந்த ஆண்டு அதிகம் தவித்தார்கள்.

விலை ஏறும் காலத்தில் தரமும் இறங்குகிறது. நம் உறுப்பினர் ஒருவர் வாங்கிய சிலரியை நடுநிலையாக்க, வழக்கத்தைவிடக் காஸ்டிக் சோடா அதிகம் பிடித்தது. குளிர்ந்த காலையில் பார்த்தால், அதில் செய்த சோப் ஆயில் (திரவ சோப்) கேனின் அடியில் வெள்ளையாக உப்பு. சிலரியில் கந்தக அமிலம் மிகையாக இருந்ததுதான் காரணம். கிலோவுக்கு மலிவு என்று வாங்கிய சரக்கு, காஸ்டிக்கையும் வாடிக்கையாளரையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மனசு கஷ்டப்பட்டது.

எனவே டிரம் விலையைப் பார்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்டிவ், அதாவது அழுக்கு நீக்கும் பொருளின் அளவுக்கு என்ன விலை என்று பாருங்கள். 70% எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட், 28% திரவத்தைப் போல இரண்டரை மடங்கு விலை வரை சமம்தான். லாரி வாடகையையும் சேர்த்தால் பேஸ்ட்டே லாபம். ஆனால் பேஸ்ட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைக்கப் பார்த்தால் ஜெல்லாக இறுகி, கலக்கும் இயந்திரமே நின்றுவிடும். பேஸ்ட்டைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சிறு தொழில்களுக்கான ஜி.எஸ்.டி. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் 18% ஜி.எஸ்.டி.யையும் அடக்க விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு அவர்களுக்குக் கிடையாது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரைப் பாருங்கள்.

அப்புறம், செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. முதலாவது, சிலரியையும் எஸ்.எல்.இ.எஸ்.ஸையும் உறுப்பினர்கள் சேர்ந்து வாங்குவோம். விலையை மாதாமாதம் எல்.ஏ.பி., பாம் கர்னல் எண்ணெய் விலையோடு இணைத்து ஒப்பந்தம் போடுவோம்; அவை இறங்கினால் நமக்கும் இறங்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து, ஆக்டிவ் அளவும் மிகை அமிலமும் வெளி ஆய்வகத்தில் சோதித்த பிறகே முழுப் பணம். விவாதித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்