முக அக்கி ஆறிய பிறகும் ஆறாத வலி: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முதல்வர்களுக்கும் வணக்கம்.

நெற்றியில் அக்கி வந்து, ஆறி, மூன்று மாதம் கடந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பொருக்கு உதிர்ந்துவிட்டது. புருவத்துக்கு மேல் வெளிறிய தழும்பு மட்டும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் திருநீறு பூச முடியாது, சீப்பு படக் கூடாது. மின்விசிறிக் காற்றே எரிகிறது என்று துண்டைச் சுற்றிக்கொள்வார். துண்டு உரசினால் அதுவும் எரியும். அதே தழும்பில் குண்டூசியால் மெல்லத் தொட்டால் கூர்மை சரியாகத் தெரியாது. மரத்துப்போன இடமே தொட்டால் எரிகிறது என்றால், நரம்பு பழுதாகிவிட்டது என்று பொருள். இவர்களுக்கு மாத்திரை கிடைக்கிறது. மாத்திரை கேட்காதபோது பலருக்குக் கிடைப்பது "பொறுத்துக்கோங்க" என்ற ஒரு சொல்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில், ஊசி வழியாகவே செய்யக்கூடிய சிகிச்சைகள் இருக்கின்றன. கத்தி இல்லை, தையல் இல்லை; பெரும்பாலோர் அன்று மாலையே வீடு திரும்பலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இவை முறைப்படி கிடைக்க வேண்டும் என்று கேட்டே இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில், வலி நிலைக்கும் முன்பே கைநழுவும் சில நாள்களைப் பற்றி. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள், அக்கி வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையைத் தொடங்க வேண்டும்: 800 மி.கி., நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஐந்து வேளையை மூன்றாகச் சுருக்கினால் மருந்து போதாது; மூன்று வேளைதான் முடியும் என்றால் வாலசைக்ளோவிர் 1000 மி.கி. கொடுக்கலாம். பிறகு வலி வரவே வராது என்று இம்மருந்துகள் உறுதி தருவதில்லை. ஆனால் அக்கியின் வேகத்தைத் தணிக்கும், கண்ணைக் காக்கும். காவி குழைத்து அக்கி எழுதுவது மனத்துக்கு ஆறுதல் தரும் வழக்கம். எழுதிக்கொள்பவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், அதோடு அன்றே மாத்திரையையும் கையில் கொடுத்தனுப்புங்கள். மூக்கின் நுனியிலோ பக்கத்திலோ ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். மூக்கு நுனிக்குப் போகும் அதே நரம்புக் கிளைதான் கண்ணுக்கும் போகிறது.

மாத்திரையில் நடக்கும் தவறு பெரும்பாலும் அளவில்தான். நரம்பு வலிக்கான கபாபென்டின் இரவு 300 மி.கி. என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. சிறுநீரகம் இடம் கொடுத்தால், சில நாளுக்கு ஒருமுறை ஏற்றி 1800 மி.கி. வரை போய்ப் பார்க்காமல் "மருந்து கேட்கவில்லை" என்று எழுதக் கூடாது. முகவலி என்றதும் கார்பமசெபின் எழுதுவது இன்னொரு தவறு. அது மின்னல் வெட்டுவதுபோல் நொடிக்கணக்கில் வந்துபோகும் வலிக்கான மருந்து. அக்கிக்குப் பின் வருவதோ நாள் முழுக்க எரியும் வலி.

அளவை முறையாக ஏற்றியும் தூக்கம் வரவில்லை, அல்லது தலைசுற்றி விழுகிறார் என்றால் ஊசி சிகிச்சைக்கு நேரமாகிவிட்டது. நெற்றி வலிக்கு முதல் படி, புருவ மேல் நரம்பை மரக்கச் செய்வது. நேராகப் பார்க்கச் சொல்லி, கண்மணிக்கு நேர் மேலே கண்குழியின் மேல் விளிம்பைத் தடவினால் ஒரு சிறு பள்ளம் விரலில் படும். அங்கே மெல்லிய ஊசியில் மரக்கவைக்கும் மருந்தான 0.25 சதவீத புபிவகெயின் 1 முதல் 2 மி.லி. போதும். எலும்புத் துளைக்குள் ஊசியை நுழைத்தால் நரம்பு நசுங்கும். ஆகவே விளிம்போடு நிறுத்த வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்காவிட்டால் மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கும். துகள் உள்ள ஸ்டீராய்டுகளை இந்த இடத்தில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஒரு துகள் ரத்தக்குழாய் வழியே விழித்திரையை அடைந்தால் பார்வை போய்விடும். ஸ்டீராய்டு தேவையென்றால் தெளிந்த கரைசலான டெக்சாமெதசோன் மட்டும்.

இதில் சில மணி நேரமாவது வலி நன்றாக அடங்குபவருக்கு அடுத்த படி, பல்ஸ்டு ரேடியோ அலை சிகிச்சை. நரம்பின் அருகே ஊசிமுனையை வைத்து, நொடிக்கு இரண்டு முறை, முறைக்கு 20 மில்லிநொடி, பொதுவாக 45 வோல்ட் அளவில் அலை செலுத்தப்படுகிறது. இடைவெளியில் சூடு தணிந்துவிடுவதால் முனை 42 டிகிரியைத் தாண்டுவதில்லை, நரம்பு வேகாது. இரண்டு முதல் நான்கு நிமிடம், தேவைப்பட்டால் மறுபடி ஒரு சுற்று.

இங்கேதான் துறை கவனிக்க வேண்டிய இடம் இருக்கிறது. மின்னல் வெட்டும் முகவலிக்கு, முகத்தின் உணர்வு நரம்புகள் கிளை பிரியும் நரம்புக் கணுவை 65 முதல் 80 டிகிரி வரை சூடாக்கிச் சுடும் முறை உண்டு. அந்த நோய்க்கு அதுவே நல்ல பலன் தருகிறது. பல்ஸ்டு முறை அதற்கு ஈடாகவில்லை. அக்கி வலிக்கு நிலைமை வேறு. ஏற்கெனவே பழுதான நரம்பை மேலும் சுட்டால், மரத்த முகத்திலேயே தீராத எரிச்சல் நிலைத்துவிடலாம். கருவிழியும் உணர்விழந்து புண்ணாகலாம். காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி நோய்க்குறிப்பும் இருக்க வேண்டும். ஒரே தலைப்பில் போட்டால் தவறான நோயாளிக்குத் தவறான சூடு போய்ச் சேரும்.

வலி நெற்றியைத் தாண்டிக் கண்ணுக்குள்ளும் பரவியிருந்தால், மண்டையோட்டின் அடியில் உள்ள அந்த நரம்புக் கணுவான ட்ரைஜெமினல் கணுவரை போக வேண்டியிருக்கும். வாய் ஓரத்திலிருந்து 2.5 முதல் 3 செ.மீ. தள்ளிக் கன்னத்தில் நுழைந்து, சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவியின் படத்தைப் பார்த்தபடி மண்டையோட்டு அடியின் ஓவல் துளையை அடைய வேண்டும். வழியில் ஊசி வாய்க்குள் எட்டிப்பார்த்தால் அதை எறிந்துவிட்டுப் புதியதை எடுக்க வேண்டும். வாய்க் கிருமி மூளையுறை வரை போகும். பிறகு ஊசி வழியே மெல்லிய மின்துடிப்பு செலுத்தி இடத்தைச் சோதிக்க வேண்டும். 2 ஹெர்ட்ஸில் தாடை துடித்தால் ஊசி இன்னும் தாடைக்குப் போகும் கீழ்க்கிளையில் நிற்கிறது. 50 ஹெர்ட்ஸில், அரை வோல்ட்டுக்குள், அவர் சொல்லும் அதே வலியிடத்தில் சிலிர்ப்பு வர வேண்டும். அதைச் சொல்ல அவர் விழித்திருக்க வேண்டும், ஆகவே ஆழ்ந்த மயக்கம் கூடாது. கணுவைத் தொடும்போது நாடித்துடிப்பு சட்டென்று இறங்கலாம்; அட்ரோபின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்கட்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் போன்ற மருந்துகளை இதய மருத்துவர் ஒப்புதலோடு ஏழு நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

எல்லோருக்கும் வலி அடங்கும் என்று சொல்ல மாட்டோம். அடங்குபவருக்குச் சில மாதங்கள் தாங்கும். திரும்பினால் மறுபடி செய்யலாம். மாத்திரை பாதியாகக் குறைந்தால் அதுவே முதியவருக்குப் பெரிய மீட்சி.

சி-ஆர்ம் எலும்புப் பிரிவு அரங்குகளில் இருக்கிறது. நரம்பை மரக்கச் செய்யத் தெரிந்த மயக்கவியல் மருத்துவர்களும் இருக்கிறார்கள். வாங்க வேண்டியது ரேடியோ அலைக் கருவியும் அதற்கான ஊசிகளும். ஒதுக்க வேண்டியது வாரத்தில் ஒரு நாள் அரங்கு. கூடவே, நோயாளிச் சீட்டில் ஒரு கட்டம் அச்சிடுங்கள்: சிகிச்சைக்கு முன்னும் பின்னும், பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டபோது கண் சிமிட்டியதா? பின்னர் சிமிட்டவில்லையென்றால், கண் மருத்துவர் பார்க்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

முதல் மருத்துவமனை எதுவென்று துறை முடிவு செய்தால், அங்கே வந்து கற்றுத்தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வலி சிகிச்சைத் துறையில் பணிபுரியும் மருத்துவர்கள்